சேடில் கட்டி மரத்தில் தொங்கும்போது இரண்டாம் கயிற்றை எங்கே கட்டுவது?

அருமனை விளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அருமனைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் விளை இருக்கிறது. பாதிக்கு மேல் ரப்பர். மீதியில் ஆறு சக்கை (பலா) மரம், நாலு அயனி (காட்டுப் பலா), அதில் படர்ந்து கிடக்கும் நல்லமிளகு. முன்பு ஆள் விட்டுத்தான் பறிப்போம். இப்போது ஏறத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. சொல்லிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் அதற்குள் சக்கை மரத்திலேயே பழுத்து விழுந்து சிதறிவிடும். அதனால் இரண்டு வருடமாக நானே ஏறுகிறேன்.

ஏறுவதற்கு வைத்திருப்பது சேடில். மாமா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தான். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதை இடுப்பில் கட்டி, வில்லோடு மணிக்கணக்கில் மரத்தில் தொங்கிக் காத்திருப்பார்களாம். நமக்கு அந்த வேலை இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டையே குற்றம். எனக்கு வேண்டியது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் என்பதுதான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடுப்பையும் தொடையையும் பிடிக்கும் அகலமான பட்டை. இரண்டு பக்கமும் வளையம், வளையங்களுக்கு நடுவே வயிற்றுக்கு முன்னால் ஒரு சின்னக் கயிறு. அதைப் பிரிட்ஜ் என்கிறார்கள். தலைக்கு மேல் மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, அதன் வால் கீழே தொங்கும். அந்த வாலில் புரூசிக் முடிச்சு (கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் கயிற்றைக் கவ்வும்), முடிச்சில் காரபினர் என்ற பூட்டுக் கொக்கி, காரபினர் பிரிட்ஜில். மொத்த உடம்பும் அந்த ஒரு கயிற்றில்தான்.

போன வைகாசியில் மழை தொடங்கிய சமயம். முந்தின ராத்திரி நல்ல மழை, சக்கை மரத்துப் பட்டை முழுக்கப் பாசி வழுக்கல். 25 அடி உயரத்தில் நின்று ஒரு பெரிய காயைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டு படி மேலே ஏறியிருந்தேன், முடிச்சை மேலே தள்ளவில்லை. கயிறு தொளதொளவென்று கிடந்தது. அதை இறுக்கலாம் என்று இடது கையால் முடிச்சைப் பிடித்த நேரம் கால் நழுவிவிட்டது.

பயத்தில் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். முடிச்சும் என் கையுமாகக் கயிற்றில் வழுக்கிக்கொண்டே கீழே வந்தோம். நாலடி இருக்கும். முழங்கை ஒரு கொப்பில் இடித்து வலியில் கை விட்டுப்போனது. கை விட்ட அந்த நொடியே முடிச்சு கயிற்றைக் கவ்வி நின்றது. குனிந்து பார்த்தால் முடிச்சுக்குக் கீழே கயிற்று வால் ஒரு முழம்கூட மீதி இல்லை. வால் நுனியில் முடிச்சு எதுவும் போட்டு வைத்திருக்கவில்லை. உள்ளங்கைத் தோல் போய்விட்டது, நெஞ்சில் சிராய்ப்பு. அது ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒரு முழக் கயிறு இப்போதும் ராத்திரியில் கண் முன்னால் வருகிறது.

மனைவி இனி ஏறவே கூடாது என்கிறாள். நான் இரண்டாம் கயிறு போட்டு ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் எப்படிப் போடுவது என்று தெளிவில்லை. வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வால் நுனியில் ஒரு முடிச்சு போதும் என்கிறார் ஒருவர், தனிக் கயிறே வேண்டும் என்கிறார் இன்னொருவர். இரண்டாம் கயிற்றையும் அதே பிரிட்ஜில் மாட்டினால் போதுமா? அதே கொப்பில் கட்டலாமா? குளச்சலில் படகுக்கு வாங்கும் பச்சைக் கயிறு மலிவாகக் கிடைக்கிறது, அது போதுமா? இப்போது இருக்கும் கயிறு நைலான், இரண்டு வருடப் பழக்கம். ரப்பர் ஷீட் அடிக்கும் புரையில் (கொட்டகையில்) ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வெயில் மழை படுவதில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மார்த்தாண்டம் மரவேலை:

தம்பி, பிழைத்தது பெரிய விஷயம். முதலில் அந்த வழுக்கலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் கயிற்றிலும் முடிச்சிலும் குறை இருந்த மாதிரித் தெரியவில்லை. உன் கைதான் காரணம்.

புரூசிக் எப்படிப் பிடிக்கிறது என்று கவனித்திருக்கிறாயா? சின்னக் கயிறு பெரிய கயிற்றைச் சுற்றியிருக்கிறது. பாரம் கீழே இழுக்கும்போது சுற்று வளைந்து, நெரித்துக் கவ்வுகிறது. 1931இல் கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரியா நாட்டு மலையேறி சொல்லிக்கொடுத்த முடிச்சு, இன்றைக்கும் அதே சூத்திரம்தான். மேலே கையை வைத்து அமுக்கினால் அந்தச் சுற்று வளைய முடியாது, நெரிக்காது, சும்மா ஒரு மோதிரம் மாதிரி வழுக்கும். கீழே வழுக்கும்போது மனுஷன் கையில் இருப்பதை விடவே மாட்டான், அது பிறவிக் குணம். அதனால் பழக்கம் ஒன்றே ஒன்று: முடிச்சைக் கைக்குள் பொத்திப் பிடிக்காதே. அடியிலிருந்து இரண்டு விரலால் மேலே தள்ளு, உடனே கையை எடு. காலை வைப்பதற்கு முன் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும், முடிச்சு எப்போதும் முகத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு படி ஏறினாயா, தள்ளு. அடுத்த படி, மறுபடி தள்ளு. இரண்டு படி ஏறிவிட்டு அப்புறம் தள்ளலாம் என்று விட்டதுதான் அன்றைக்கு உன்னை விழவைத்தது.

தொளதொளப்பு எவ்வளவு கெட்டது என்பதற்கு ஒரு கணக்கு. கயிற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விழுந்தாலே, 100 கிலோ பாரத்துக்கு, நீளாத கயிற்றில் 600 கிலோ வரை வெட்டி இழுக்கும். மூன்றடிக் கயிற்றில் ஒரு அடி விழுவது அவ்வளவுதான். அந்த அடி முழுக்க இடுப்பில் விழும்.

இப்போது இரண்டாம் கயிறு. மரத்திலிருந்து உன் உடம்பு வரைக்கும் வரிசையாக எண்ணிப்பார். கொப்பு, அதில் கட்டிய கயிறு, முடிச்சு, காரபினர், பிரிட்ஜ், பக்க வளையம், இடுப்புப் பட்டை. ஏழு கண்ணி உள்ள ஒரே சங்கிலி. இரண்டாம் கயிற்றை அதே கொப்பில் கட்டினால் கொப்பு ஒடிந்தால் இரண்டும் போகும். அதே பிரிட்ஜில் மாட்டினால் பிரிட்ஜ் அறுந்தால் இரண்டும் போகும். ஏழில் முதலில் தேய்வது பிரிட்ஜ்தான். காரபினர் அதே ஒரு இடத்தில் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, இரண்டு வருடப் பிரிட்ஜை இன்றைக்கே விரலால் தடவிப் பார். நடுவில் பட்டு மாதிரி மெதுவாக, பஞ்சு எழும்பியிருந்தால் மாற்றிவிடு. ஆகையால் இரண்டாம் கயிறு வேறு கொப்பில் தொடங்கி, வேறு முடிச்சில் வந்து, உடம்பில் வேறு இடத்தில் முடிய வேண்டும். பாதி வழியில் சேர்ந்துகொண்டால் சேர்ந்த இடத்துக்குக் கீழே உனக்கு ஒரே கயிறுதான்.

உடம்பில் எங்கே என்றால், நான் செய்வதைச் சொல்கிறேன். சேடிலுக்கு உள்ளே முழு உடம்பு ஹார்னஸ் போட்டுக்கொள்வேன், தோளிலும் தொடையிலும் பட்டை வரும் வகை. கட்டிட வேலைக்காரர்கள் போடுவதுதான், ஐஎஸ் 3521 என்று இந்தியத் தர எண் அச்சடித்திருக்கும். நெஞ்சில் ஒரு வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்கு, இரண்டாம் கயிறு அதில் மாட்டும். சேடில் உட்காருவதற்கு, இடுப்பிலிருந்து பிடிக்கிறது. தலைகீழாகப் புரண்டால் அது உன்னை நிமிர்த்தாது. நெஞ்சு வளையம் நிமிர்த்திப் பிடிக்கும். அதிர்ச்சி தாங்கும் பொதி வைத்த கயிறு வாங்கினால் ஒன்றை நினைவில் வை, பொதி கிழிந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல்கூட நீளும். அந்த வழியில் கொப்பு இருந்தால் அதில் போய் இடிப்பாய். எனவே அதுவும் உயரத்தில், விறைப்பாகவே.

கொப்பைத் தாண்டும்போது நிறையப் பேர் ஒரு நொடி கயிற்றைக் கழற்றுவார்கள். நீயும் கழற்றுவாய் என்று நினைக்கிறேன். இனி அப்படிச் செய்யாதே. இரண்டாம் கயிற்றைக் கொப்புக்கு மேலே போட்டு, மாட்டி, பூட்டி, அதில் எடையை வைத்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் முதல் காரபினரில் கை வைக்க வேண்டும். காரபினர் என்றால் சாவிக்கொத்துக் கடையில் விற்பது அல்ல. உடம்பில் கிலோநியூட்டன் எண் அடித்திருக்கும், 22 என்றால் சுமார் 2,200 கிலோ. திருகிப் பூட்டுவதைவிடத் தானே பூட்டிக்கொள்ளும் வகை நல்லது. திருகு கொப்பில் உரசியே திறந்துவிடும்.

கொப்பு தேர்ந்தெடுப்பது. அயனியும் சக்கையும் நல்ல மரம், ஆனால் தொடை கனம் இருக்க வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும், கொப்பு தண்டில் சேரும் இடத்தை ஒட்டித் தண்டோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். நல்லமிளகுக் கொடிக்கு மேல் கயிற்றைச் சுற்றாதே. கொடி நசுங்குவது ஒரு பக்கம், கொடி மரத்தை விட்டு நழுவும்போது கயிறும் சேர்ந்து இறங்கும். கொடியை விலக்கிவிட்டுத் தண்டில் கட்டு.

கடைசியாக ஒன்று, இது என் சொந்த அனுபவம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்து முடிந்த பிறகு மாசக்கணக்கில் ரப்பரும் சக்கையும் வெட்டி அகற்றிக்கொண்டிருந்தோம். ஒரு சாய்ந்த சக்கையில் தொங்கியபடி வெட்டுகத்தியால் ஒரு சின்னக் கொப்பைத் தட்டினேன். கத்தி கொப்பைத் தாண்டி வந்து என் கயிற்றைத் தொட்டது. வெட்டவில்லை, தொட்டதுதான். பாரம் ஏறி விறைத்த கயிறு எவ்வளவு சுலபமாக அறும் தெரியுமா? மேலுறை வாய் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளை நூல் வெளியே தெரிந்தது. அன்றைக்கு எனக்கும் ஒரே கயிறுதான். மூச்சு விடாமல், அசையாமல், மேலே இருந்த கொப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். தங்கையின் மாப்பிள்ளை ஏணி வைத்து வேறு கயிறு கொண்டுவந்து தரும் வரை அப்படியே. அதிலிருந்து கத்தியோ ரம்பமோ கையில் இருந்தால், இரண்டு கயிற்றில் ஒன்று நடுவில் கம்பி வைத்ததாக இருக்கும்.


குளச்சல் கரை:

பச்சைக் கயிறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா.

படகுக்கு நாங்கள் அதை வாங்குவது மிதக்கும், தண்ணீர் குடிக்காது, மலிவு என்பதால். அது பாலிபுரொப்பிலீன். வெயிலில் கிடந்தால் மேலே மாவு மாதிரி உதிரும், கையில் குத்தும், நாங்களே அந்த நிலைக்கு வந்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம். இன்னொன்று, அது 165 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். நைலான் 220 வரை தாங்கும், பாலியஸ்டர் 250க்கும் மேலே. படகில் கயிறு வேகமாக ஓடி மரத்தில் உரசினாலே உருகிப் பிசின் மாதிரி ஒட்டும். நீங்கள் வழுக்கிய மாதிரி நாலடி வழுக்கினால் முடிச்சு இருக்கும் இடத்தில் அதே சூடுதான்.

உள்ளே தனி நூலும் மேலே பின்னிய உறையும் உள்ள கயிறு, 11 மி.மீ., பாலியஸ்டர் உறை கிடைத்தால் நல்லது. புரூசிக் கயிறு அதைவிட மெலிசாக 8 மி.மீ. இரண்டும் ஒரே கனமாக இருந்தால் சரியாகக் கவ்வாது. நைலான் நனைந்தால் பத்து, பதினைந்து சதவீதம் பலம் குறையும், காய்ந்தால் திரும்ப வரும். அது பரவாயில்லை. முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.


பழைய ஷீட்டுக்காரன்:

ஒன்று கேட்கிறேன். கயிறு ஷீட் அடிக்கும் புரையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் அங்கேதானே இருக்கும்?

அது ஃபார்மிக் ஆசிட். நைலானை அது கரைத்துவிடும். கடுமையானது பட்டால் பட்ட இடம் கூழாகிவிடும். தண்ணீர் கலந்தது தெறித்தாலும் தண்ணீர் போய், ஆசிட் தங்கி, எங்கே பலம் போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. நான் 20 வருடம் ரோலர் ஓட்டியவன், நைலான் துணிப் பை அந்த மூலையில் இற்றுப்போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கயிற்றில் இனி மனுஷன் தொங்கக் கூடாது. பேட்டரி ஆசிட்டும் அப்படித்தான், பைக் பெட்டியில் வைத்தாலும் யோசியுங்கள்.


நாகர்கோவில் நர்ஸ்:

அண்ணா, கயிற்றைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் கயிறு உங்களைப் பிடித்த பிறகு என்ன நடக்கும் என்று யாரும் எழுதவில்லையே.

ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டை அழுத்தி ரத்தம் காலிலேயே தங்கிவிடும். தலைக்கு ரத்தம் குறைந்து மயக்கம் வரும். இதற்கு அரைமணி நேரமெல்லாம் வேண்டாம், சில நிமிடத்திலேயே வரலாம். அடிபட்டு மயங்கித் தொங்குகிறவருக்கு இன்னும் சீக்கிரம். அதனால் இடுப்பில் எப்போதும் ஒரு தனிக் கயிற்று வளையம் வைத்திருங்கள். தொங்க நேர்ந்தால் அதைக் கயிற்றில் மாட்டிக் காலை ஊன்றி எழுந்து நில்லுங்கள், அப்படி நிற்க முடியாவிட்டால் காலை மாறி மாறி உதறிக்கொண்டே இருங்கள்.

கீழே ஆள் இல்லாமல் ஏறவே கூடாது. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறவர் போதாது, ஏறி உங்களை இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 108 வண்டி மரத்து மூட்டுக்கு, அதாவது மரத்தடிக்குத்தான் வரும், மேலே ஏறாது. மரத்திலிருந்து இறக்க 101, தீயணைப்புக்குச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் கூப்பிடச் சொல்லி வையுங்கள். அக்காவின் பயம் நியாயமானது. அவர்களிடமும் இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.


அருமனை விளைக்காரன்:

அண்ணன்மாருக்கும் தங்கைக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பத்து நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம், சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஷீட்டுக்கார அண்ணன் எழுதியதைப் படித்த அன்றைக்கே டார்ச்சோடு புரைக்குப் போனேன். கயிறு மாட்டிய ஆணிக்கு நேர் கீழே, ஒரு முழம் தள்ளி ஆசிட் கேன். இரண்டு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது, கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. கயிற்றை வெளிச்சத்தில் கொண்டுவந்து சாண் சாணாக வளைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் மற்ற இடம் மாதிரி துள்ளி நிமிரவில்லை, வாழைநார் மாதிரி மடிந்தே கிடந்தது. உறையை பிளேடால் கீறினேன். உள்ளே நூல் மஞ்சளாக, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. அந்த இடம் என் புரூசிக் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு இரண்டடி மேலே. வைகாசியில் நான் விழுந்து அடி வாங்கியது அந்தக் கயிற்றில்தான். மனைவியிடம் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. அதை வாங்கி அடுப்படிச் சுவரில் மாட்டிவிட்டாள், நான் பார்க்க வேண்டுமாம்.

புதுக் கயிறு 11 மி.மீ. பாலியஸ்டர் உறை, இரண்டு துண்டு. பிரிட்ஜ் மாற்றிவிட்டேன், மார்த்தாண்டம் அண்ணன் சொன்னது சரி, நடுவில் பஞ்சு எழும்பித்தான் இருந்தது. முழு ஹார்னஸ் நாகர்கோவிலில் வாங்கினேன், நெஞ்சு வளையம் உள்ளது. நுனி முடிச்சு இரண்டு கயிற்றிலும் போட்டு, மேலே நூல் சுற்றிக் கட்டியாயிற்று.

நேற்று முற்றத்துச் சக்கையில், கால் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சோதனை செய்தேன். வேண்டுமென்றே மெயின் முடிச்சைக் கையால் இறக்கி, பாரம் இரண்டாம் கயிற்றுக்குப் போகிறதா என்று பார்த்தேன். முதல் தடவை இரண்டாம் கயிறு பிடிப்பதற்குள் என் கால் தரையில் பட்டுவிட்டது, அவ்வளவு தளர்வு. முடிச்சை மேலே தள்ளி மறுபடி செய்தேன். ஏழாவது தடவையில் ஒரு சாண் இறங்கியதும் நெஞ்சில் வந்து பிடித்தது. காலை ஊன்றும் வளையத்தில் ஏறி நிற்கவும் பழகினேன், முதலில் வரவில்லை, கால் வளையத்தைத் தேடி அலைகிறது. மச்சினனும் அதே மாதிரி ஏறி என்னை இறக்கிப் பார்த்தான்.

இப்போது என் சந்தேகம், ஒரு சாண் தளர்வு சரியா? அதைவிட இறுக்கினால் காயை எட்டிப் பிடிக்கத் திரும்பும்போது நெஞ்சை இழுக்கிறது. சனிக்கிழமை ஏறலாம் என்று இருக்கிறேன். மூன்று காய் முற்றி நிற்கிறது.


மார்த்தாண்டம் மரவேலை:

ஒரு சாண் சரிதான். எட்ட வேண்டியபோது முடிச்சை இரண்டு விரலால் இறக்கிக்கொள், காயைப் பிடித்ததும் மறுபடி ஏற்று. நெஞ்சை இழுக்கிறதே என்று மொத்தமாகத் தளர்த்தி விட்டுவிடாதே, எல்லாரும் அங்கேதான் விடுகிறார்கள். காயை நீ கட்டி இறக்கும் கயிற்றை வேறு நிறத்தில் வை. அவசரத்தில் அதை உன் கயிறு என்று நினைத்துக் கழற்றுவதும் உண்டு.

சனிக்கிழமை களியலில் எனக்கு ஒரு அயனி வேலை இருக்கிறது, பத்து மணிக்குள் முடியும். அங்கிருந்து நேராக உன் விளைக்கு வருகிறேன். நான் வந்து மரத்து மூட்டில் நின்ற பிறகு ஏறு. ராத்திரி மழை பெய்திருந்தால் ஏற வேண்டாம், சாயா குடித்துவிட்டுத் திரும்புகிறேன். காய் திங்கட்கிழமை வரைக்கும் நிற்கும்.